கேட்டது யார்? காதா, கணக்கா?

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் பிள்ளையார்குப்பத்தில் ஒரு மார்கழி இரவு. மணி பத்து. கடலூர் சாலையில் பேருந்து ஓட்டம் குறைந்து, வயல்வெளித் தவளைகளின் ஒலி மட்டுமே கேட்கிறது. என் வீட்டு மொட்டை மாடியில் மூவர் அமர்ந்திருக்கிறோம். ஒருவர் பக்கத்துத் தெருப் பெரியவர். நாற்பது ஆண்டுகளாகச் சிற்றலை வானொலி கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர். மற்றவன் என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவன். வேப்பமரத்திலிருந்து மாடிச் சுவர் வரை பத்து மீட்டர் நீளச் செம்புக் கம்பி ஒன்றைக் கட்டி, அதன் முனையைத் தீப்பெட்டியளவுள்ள ஒரு கருவியில் செருகி, அக்கருவியை மடிக்கணினியுடன் இணைத்திருந்தான்.

"தாத்தா, ஒரு மணி நேரத்துல இருபது நாடு கேட்டுட்டேன்!" என்றான் மாணவன், திரையைத் திருப்பிக் காட்டி.

பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். "எங்கேப்பா? ஒரு சத்தமும் வரலியே!" என்றார்.

சத்தம் வரவில்லைதான். கணினியின் ஒலிபெருக்கி அணைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்தாலும் வெறும் இரைச்சலும், அதனிடையே தேனீக்கள் போன்ற ஒரு முனகலுமே கேட்டிருக்கும். ஆனால் திரையிலோ இந்தோனேசியா, ஜப்பான், உருசியா என்று பல நாட்டு நிலையங்களின் அழைப்புக் குறிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

வாசகர்களே! மாணவன் அந்த இருபது நாடுகளைக் 'கேட்டான்' என்று சொல்லலாமா? விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வி, கம்பியில்லாத் தந்தியின் முதல் நாட்களிலேயே எழுந்த கேள்வியாகும். இலக்கமுறை நுட்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோதெல்லாம் அது மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

மூன்று புள்ளிகள்

தொலைவிலுள்ள வானொலி நிலையங்களைத் தேடிக் கேட்கும் பொழுதுபோக்குக்கு 'டி.எக்ஸ்.' என்று பெயர். தொலைவு என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தந்திக்காரர்கள் வழங்கிய சுருக்கக் குறி அது. இப்பொழுதுபோக்கின் முதல் நிகழ்ச்சி என்று 1901 டிசம்பர் 12ஆம் நாளைச் சொல்லலாம். அன்று இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பப்பட்ட சைகையை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி கேட்டார். மோர்ஸ் முறையில் 'எஸ்' என்னும் எழுத்துக்குரிய மூன்று புள்ளிகள்தாம் அச்சைகை.

எப்படிக் கேட்டார்? பட்டத்தின் உதவியால் உயரத் தூக்கிய கம்பி, பாதரசத்தைக் கொண்ட உணர்கருவி, தொலைபேசியின் காதுக்குழல் ஆகியவற்றைக் கொண்டு காதால் கேட்டார். அந்த உணர்கருவி, நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1899இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்த வகையைச் சேர்ந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மார்க்கோனியும் அவருடைய உதவியாளர் கெம்ப்பும் மட்டுமே சைகையைக் கேட்டார்கள். காகிதத்தில் எந்தப் பதிவும் இல்லை. மேலும் அது நடுப்பகல். அந்த அலைநீளமுள்ள அலைகள் பகலில் அவ்வளவு தொலைவு செல்லுதல் மிக அரிது என்பதை இன்று நாம் அறிவோம். எனவே 'மார்க்கோனி உண்மையில் சைகையைத்தான் கேட்டாரா, அல்லது எதிர்பார்ப்பு மிகுதியால் வானின் இரைச்சலையே மூன்று புள்ளிகளாக எண்ணிக்கொண்டாரா?' என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை.

இந்த ஐயத்தை மார்க்கோனியும் அறிந்திருந்தார். இரண்டே மாதங்களில், 1902 பிப்ரவரியில், 'பிலடெல்பியா' என்ற கப்பலில் பயணம் செய்தபோது, காதுக்குழலை நம்பாமல் காகித நாடாவில் புள்ளியும் கோடும் தானே பதியும் கருவியைப் பயன்படுத்தினார். இரவில் சுமார் 2,100 மைல் தொலைவு வரை 'எஸ்' எழுத்து நாடாவில் பதிந்தது. பகலிலோ 700 மைலுக்கு மேல் எதுவும் பதியவில்லை. நாடாவில் கப்பல் தலைவர் கையொப்பமிட்டார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். நாடாவில் பதிந்தது 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே நிலைகள். அதாவது ஒன்று, சுழி. இலக்கமுறை என்பது கம்பியில்லாத் தந்தியோடு சேர்ந்தே பிறந்ததுதான். காதின் சான்றைவிடக் கருவியின் சான்று மேலானது என்ற எண்ணமும் அன்றே பிறந்துவிட்டது.

வானத்துக் கண்ணாடி

ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்லும் மின்காந்த அலை, உருண்டையான பூமியைச் சுற்றி எவ்வாறு வளைகிறது? உயரே மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கவேண்டும் என்று 1902இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். 1924இல் ஆப்பிள்டன் சோதனை மூலம் அதை மெய்ப்பித்தார். அப்பணிக்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா இதே துறையில் ஆராய்ந்து, 1947இல் மேல் வளிமண்டலத்தைப் பற்றி உலகப் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டார். இந்த அயனி மண்டலமே தொலை வானொலி கேட்போரின் கண்ணாடி. சூரிய ஒளியால் அது மாறுகிறது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வழிகளைத் திறந்தும் மூடியும் வைக்கிறது.

சிற்றலையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்களில் பொழுதுபோக்காளர்கள் முதன்மையானவர்கள். 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் பயனற்றவை என்று கருதி அவற்றை அவர்களுக்கு விட்டுவிட்டிருந்தார்கள். ஆனால் 1921 டிசம்பரில் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களின் சைகைகள் ஸ்காட்லாந்தில் கேட்கப்பட்டன. 1923 நவம்பரில் சுமார் 100 மீட்டர் அலையில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இருவழிப் பேச்சே நடந்தது. 'பயனற்ற' அலைகள் உலகைச் சுற்றின!

சென்னையும் கொழும்பும்

நம் பகுதியின் வரலாறும் பொழுதுபோக்காளர்களிடமிருந்தே தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் ஆற்றலுள்ள சிறு பரப்பியைக் கொண்டு அது ஒலிபரப்பியது. பணமின்மையால் 1927இல் கழகம் நின்றது. அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்று, 1930 ஏப்ரல் 1 முதல் மீண்டும் ஒலித்தது. 1938இல்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. கடலுக்கு அப்பால் கொழும்பில், எட்வர்டு ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளரின் முயற்சியால் 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவ வானொலியின் ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி பின்னர் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் கொழும்பு வானொலி தெளிவாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரிக்கு வானொலி நிலையம் வந்தது 1967இல். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் எங்கள் பகுதியில் பலர் இரவில் குமிழைத் திருகி இலண்டன், மாஸ்கோ, மணிலா, பீகிங் என்று தேடிக் கேட்டார்கள். அஞ்சல் அலுவலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றே வானொலிப் பெட்டி வைத்திருந்த காலம் அது. 1980களின் நடுவில்தான் அக்கட்டணம் நீங்கியது.

சும்மா கேட்பவருக்கும் டி.எக்ஸ். கேட்பவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னவர் கேட்டதை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். நாள், உலகப் பொது நேரம், அதிர்வெண், கேட்ட நிகழ்ச்சியின் விவரம், 'சின்போ' எண் ஆகியவை அதில் இருக்கும். சின்போ என்பது ஐந்து இலக்கங்கள் கொண்டது. சைகையின் வலிமை, பிற நிலையத் தொல்லை, இரைச்சல், அலை பரவலில் ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கவேண்டும். அறிக்கை சரியாக இருந்தால் நிலையம் 'கியூ.எஸ்.எல்.' என்னும் உறுதி அட்டையை அனுப்பும்.

இந்த அறிக்கையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: கேட்டதை மட்டும் எழுதவேண்டும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுதினால் அட்டை கிடைத்துவிடலாம். ஆனால் நிலையப் பொறியாளருக்கு அதனால் தீமையே. தம் அலை எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று அறிவதற்காகவே அவர் அறிக்கை கேட்கிறார். எங்கள் தெருப் பெரியவரிடம் இரண்டு தொகுப்பேடு நிறைய அட்டைகள் இருக்கின்றன. "கேக்காதத எழுதி வாங்குனது இதுல ஒண்ணு கூட இல்ல" என்பதே அவருடைய பெருமை.

முதற்படி: முள்ளுக்குப் பதில் எண்

இனி இலக்கமுறைக்கு வருவோம். பழைய வானொலிப் பெட்டியின் முகப்பை நினைத்துப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள அளவுகோலில் 7 முதல் 22 மெகாஹெர்ட்ஸ் வரை குறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 100 கிலோஹெர்ட்ஸ். சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஆகவே முள்ளின் கனத்துக்குள்ளேயே இருபது நிலையங்களுக்கு இடம் இருக்கும்! எந்த அதிர்வெண்ணில் கேட்கிறோம் என்பது ஊகமே. அனுபவம் உள்ளவர்கள் தெரிந்த நிலையங்களை மைல்கற்களாக வைத்துக்கொண்டு அளந்தார்கள். தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் 'ஏ.டி.ஏ.' என்ற அழைப்புக் குறியுடன் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நேரச் சைகை ஒலிபரப்பிய காலத்தில், அது நல்ல மைல்கல்லாக உதவியது.

1980ஐ ஒட்டி இந்நிலை மாறியது. குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் நிலையான அதிர்வை அடிப்படையாகக் கொண்டு, பெட்டிக்குள் உண்டாகும் அதிர்வை இலக்கச் சுற்றுகளால் வகுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பூட்டிவைக்கும் முறை கையடக்க வானொலிகளில் புகுந்தது. அவ்வாண்டு வெளிவந்த சோனியின் ஐ.சி.எஃப்.-2001 இவ்வகையில் பெயர்பெற்றது. வேண்டிய எண்ணை விசைகளில் அழுத்தினால் போதும். அந்த இடத்தில் பெட்டி நிற்கும். அன்று நம் ஊர்க்காரர்களுக்கு அவை எட்டாக் கனிகளே.

இதனால் மகிழ்ந்தவர்களோடு வருந்தியவர்களும் உண்டு. "தேடும் இன்பம் போய்விட்டது" என்றார்கள் சிலர். ஆனால் இழப்பைவிட ஆதாயமே பெரிது. 'ஏறக்குறைய 9.6' என்று எழுதிய இடத்தில் '9610' என்று ஐயமற எழுத முடிந்தது. அறிக்கையின் நேர்மை கூடிற்று. காதின் வேலையை எண் பறித்துக்கொள்ளவில்லை; முள்ளின் வேலையைத்தான் பறித்தது.

இரண்டாம் படி: அலையே எண்ணாக

அடுத்த படி இன்னும் ஆழமானது. வரும் அலையையே எண்களாக மாற்றிவிட்டால் என்ன? ஓர் அலையின் உயரத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளந்து எழுதிவைத்தால், அந்த எண்களிலிருந்து அலையை முழுமையாக மீட்கலாம். ஒரே நிபந்தனை, அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளக்கவேண்டும். நைக்விஸ்ட் 1928இலும், கோடெல்னிக்கவ் 1933இலும், ஷானன் 1949இலும் இக்கருத்தை வளர்த்து நிறுவினர். வேகம் குறைந்தால் போலித் தோற்றம் உண்டாகும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அதே பிழைதான் இது.

எண்கள் கிடைத்தபின் மற்ற வேலையெல்லாம் கணக்குதான். வானொலிப் பெட்டியில் சுருள், மின்தேக்கி முதலியவை செய்த வடிகட்டும் வேலையைப் பெருக்கலும் கூட்டலும் செய்கின்றன. ஓர் அலைத்தொகுதியில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்துள்ளன என்று பிரித்துக் காட்டும் ஃபூரியே கணக்கை விரைவாகச் செய்யும் வழியை 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டனர். அவ்வழி இல்லையேல் இன்றைய மென்பொருள் வானொலி இல்லை.

ஆயினும் இந்நுட்பம் நெடுங்காலம் இராணுவங்களுக்கும் பெரும் ஆய்வுக்கூடங்களுக்கும் உரியதாக இருந்தது. அதை மாணவர் கைக்குக் கொண்டுவந்தது ஒரு தற்செயல். கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்ற மலிவான செருகுகருவி ஒன்றில் ஆர்.டி.எல்.2832 என்ற சில்லு இருந்தது. அது ஏரியலில் வருவதை 8 இரும எண்களாக மாற்றி, வினாடிக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைக் கணினிக்கு அனுப்ப வல்லது என்று 2012இல் பொழுதுபோக்காளர்களுக்குத் தெரியவந்தது. தொலைக்காட்சிக் கருவி ஒரே நாளில் வானொலி ஆய்வுக்கருவியாகிவிட்டது! என் மாணவனிடம் உள்ளது அந்த இனத்தைச் சேர்ந்ததே.

மாணவர்களுக்கு இதில் ஒரு சோதனை உண்டு. இக்கருவியின் உட்கடிகாரம் வினாடிக்கு 2 கோடியே 88 இலட்சம் தடவை துடிக்கிறது. சிற்றலையை இதில் நேரடியாகச் செலுத்தும் முறையைப் பயன்படுத்தினால் எல்லை அதில் பாதி, அதாவது 14.4 மெகாஹெர்ட்ஸ். 15 மெகாஹெர்ட்ஸில் உள்ள வலிமையான நிலையம் ஒன்று 13.8இலும் தோன்றும். கண்ணாடியில் முகம் தெரிவதுபோல, 14.4க்கு இப்பால் 0.6இல் இருப்பது அப்பாலும் 0.6இல் தெரிகிறது. வண்டிச் சக்கரத்தின் பிழையை உங்கள் மாடியிலேயே பார்க்கலாம். இதை அறியாதவர், இல்லாத இடத்தில் ஒரு நிலையத்தைக் 'கேட்டேன்' என்று எழுதிவிடுவார். கருவி பொய் சொல்லாது; ஆனால் அதன் இயல்பை அறியாதவரை ஏமாற்றும்.

இம்முறையில் காதோடு கண்ணும் சேர்கிறது. திரையில் அதிர்வெண்கள் இடமிருந்து வலமாக விரிய, நேரம் மேலிருந்து கீழாக அருவிபோல் வழிகிறது. ஒவ்வொரு நிலையமும் ஓர் ஒளிக்கோடு. காதுக்கு எட்டாத மெல்லிய கோட்டைக் கண் பிடித்துவிடுகிறது. முன்பு ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தைக் கேட்டோம். இன்று ஓர் அலைவரிசை முழுவதையும் பதிவுசெய்து வைத்து மறுநாள் கேட்கலாம்.

2008இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் அமைந்த வானொலி ஏற்பி ஒன்றை, இணையத்தின் வழியே எவரும் எங்கிருந்தும் இயக்கும் வசதி வந்தது. பிள்ளையார்குப்பத்தில் அமர்ந்துகொண்டு ஐரோப்பிய ஏரியலால் கேட்கலாம். அப்போது எழுந்தது அடுத்த கேள்வி: அது யாருடைய கேட்பு? பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விடை எளியது. ஏரியல் எங்கே உள்ளதோ அங்கேதான் கேட்கப்பட்டது. அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதவேண்டும்.

மூன்றாம் படி: பரப்பியும் மாறுகிறது

இதுவரை கேட்பவர் பக்கம் மாறியதைக் கண்டோம். அனுப்புபவர் பக்கமும் மாறியது. 'டி.ஆர்.எம்.' எனப்படும் இலக்கமுறை ஒலிபரப்பு 2003 ஜூனில் முறைப்படி தொடங்கியது. அகில இந்திய வானொலி 2009 ஜனவரியில் தில்லியை அடுத்த காம்பூரிலிருந்து சிற்றலையில் இதைத் தொடங்கி, பின்னர் சென்னை உட்பட முப்பதுக்கு மேற்பட்ட மத்திய அலை நிலையங்களிலும் இவ்வசதியை அமைத்தது.

இதில் பேச்சும் இசையும் எண்களாகி, பல நெருங்கிய துணை அலைகளில் பங்கிடப்பட்டு வருகின்றன. நன்றாக வரும்போது பண்பலை போன்ற தெளிவு. ஆனால் சைகை ஓர் அளவுக்குக் கீழே சென்றதும் ஒலி முற்றிலும் நின்றுவிடும். பழைய முறையில் அலை மெலிந்தால் குரலும் மெலியும். இரைச்சலுக்கிடையே ஒரு சொல்லையாவது பிடிக்கலாம். புதிய முறையிலோ குன்றின் விளிம்பிலிருந்து விழுவதுபோல் திடீரென அமைதி. "பாதி கேட்டது" என்பது இங்கே இல்லை. பெரியவர்களுக்கு இது பிடிக்காமற்போனதில் வியப்பில்லை. இதற்கான பெட்டிகளின் விலையும் பரவலுக்குத் தடையாயிற்று.

நான்காம் படி: இரைச்சலுக்கு அடியில்

இப்போது மாணவனின் திரைக்கு வருவோம். அதில் ஓடியது 'எஃப்.டி.8' என்னும் முறை. அதன் கதை விண்மீன்களில் தொடங்குகிறது. அமெரிக்க வானியலாளர் ஜோசப் டெய்லரும் அவருடைய மாணவர் ஹல்ஸும் 1974இல் இரட்டைத் துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்து, 1993இல் நோபல் பரிசு பெற்றனர். இரைச்சலில் புதைந்த துடிப்புகளைக் கணக்கால் மீட்பது அவர்களுடைய தொழில். டெய்லர் சிறு வயது முதலே வானொலிப் பொழுதுபோக்காளர். அதே கலையைத் தம் பொழுதுபோக்குக்கும் கொண்டுவந்து, 2001 முதல் மென்பொருள்களை வெளியிட்டார். 2008இல் 'விஸ்பர்' என்ற முறையும், பேராசிரியர் ஸ்டீவன் பிராங்கோடு சேர்ந்து 2017இல் எஃப்.டி.8 முறையும் வந்தன.

எஃப்.டி.8 முறையில் ஒவ்வொரு செய்தியும் 15 வினாடிச் சுற்றுக்குள் அடங்கும். எட்டுச் சுரங்களைக் கொண்ட இசைபோல் அது ஒலிக்கும். சுரத்துக்குச் சுரம் இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ், மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. செய்தியின் அளவு 77 இருமங்கள். ஆனால் பிழை காணவும் திருத்தவும் மேலும் 97 இருமங்களைச் சேர்த்து, 174ஆக அனுப்புகிறார்கள். நூறு ரூபாய்ச் சரக்கை அனுப்ப, அதற்கு மேலும் விலையுள்ள பெட்டியில் வைத்துக் கட்டுவதைப் போன்றது இது. வழியில் சில உடைந்தாலும் சரக்கு தப்பும்.

இரைச்சலைவிட நூறில் ஒரு பங்கே ஆற்றலுள்ள சைகையையும் இது மீட்கும் என்பார்கள். மாயவித்தையா? இல்லை. அந்த இரைச்சலை 2,500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிடுகிறார்கள். ஒரு சுரம் இருப்பதோ 6.25 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள். அந்தச் சிறு சன்னலுக்குள் நுழையும் இரைச்சல் நானூறில் ஒரு பங்குதான். எனவே சன்னலுக்குள் பார்த்தால் சைகை இரைச்சலைப் போல் நான்கு மடங்கு! திருவிழாக் கூட்டத்தில் தொலைவில் ஊதும் ஒரு நாயனத்தை மட்டும் காது பிரித்தெடுப்பதை ஒத்ததே இது. காது செய்ததைக் கணக்கு இன்னும் கூர்மையாகச் செய்கிறது.

ஆனால் சிக்கல் ஒன்று எழுந்தது. 2000களின் நடுவில் டெய்லரின் முந்தைய முறை ஒன்றில், சைகை மிகவும் மெலிந்தபோது, தெரிந்த நிலையங்களின் பட்டியலோடு அதை ஒப்பிட்டு எது பொருந்துகிறது என்று பார்க்கும் வசதி இருந்தது. பொழுதுபோக்காளர்களிடையே கடும் விவாதம் மூண்டது. "செய்தியின் ஒரு பகுதி வானத்திலிருந்து வரவில்லை, பட்டியலிலிருந்து வந்தது. அதைக் கேட்டதாக எப்படிக் கொள்வது?" என்றனர் ஒரு சாரார். "மோர்ஸ் கேட்பவரும் பாதி எழுத்தைக் கேட்டு மீதியைத் தம் அனுபவத்தால் நிரப்புகிறாரே!" என்றனர் மறு சாரார்.

நினைத்துப் பாருங்கள்: மூன்று புள்ளிகளை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிய மார்க்கோனியும், பட்டியலை வைத்துக்கொண்டு தேடும் கணினியும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். முன்னறிவு கேட்பதற்குத் துணை. அதுவே கேட்பின் பகையும் ஆகலாம். இன்றைய மென்பொருள் இதற்கு ஒரு நல்ல வழி செய்திருக்கிறது. முன்னறிவின் உதவியால் படித்த வரியின் முடிவில் ஒரு தனிக் குறியையும், உறுதி குறைவாயின் கேள்விக்குறியையும் அதுவே இட்டுவிடுகிறது.

நமக்கு என்ன பயன்?

வேடிக்கையான முரண் ஒன்று இக்காலத்தில் நிகழ்ந்துள்ளது. கேட்கும் கருவிகள் மிகச் சிறந்து நிற்கும்போது, கேட்கவேண்டிய நிலையங்கள் மறைந்துவருகின்றன. நெதர்லாந்து வானொலி 2012இலும், ஆஸ்திரேலிய வானொலி 2017இலும் சிற்றலையை நிறுத்தின. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017இல் முடிவுற்றது. மறுபுறம் வீட்டுக்கு வீடு இரைச்சல் பெருகிவிட்டது. என் வீட்டில் ஏழு மெகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதும் சீறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விளக்காக அணைத்தபோது, மாடிப்படியில் இருந்த மலிவான எல்.இ.டி. விளக்கு ஒன்றே காரணம் என்று அருவிப் படம் காட்டிக்கொடுத்தது. உங்கள் வீட்டிலும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

நிலையங்கள் குறைந்தாலும் அயனி மண்டலம் மறையவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், நமக்கு மேலுள்ள அயனி மண்டலம் தனித்தன்மை வாய்ந்தது. கொடைக்கானல் ஆய்வகம் 1950களிலிருந்தே இதை ஆராய்ந்ததற்குக் காரணமும் அதுவே. விஸ்பர் முறையில் ஒவ்வொரு நிலையமும் தன் அழைப்புக் குறி, இடக் குறி, ஆற்றல் ஆகியவற்றை இரண்டு நிமிடத்தில் மெல்ல அனுப்புகிறது. பெரும்பாலும் ஒரு கைவிளக்குக்குத் தேவையான மின்னாற்றலே அதற்குப் போதும். உலகம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது, பிள்ளையார்குப்பம் எம்.கே.91 என்ற கட்டத்தில் இருக்கிறது, சென்னை என்.கே.03இல். எம்.கே.91இலிருந்து ஒரு மாணவன் நாள்தோறும் எழுதும் பட்டியல், சூரியன் மறையும்போது எந்த வழி திறக்கிறது, எது மூடுகிறது என்பதற்கான அறிவியல் சான்று. அலையைப் பரப்ப அரசின் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும். கேட்பதிலிருந்தோ இன்றே தொடங்கலாம்.

அந்தச் சான்றின் மதிப்பு முழுவதும் பழைய சட்டத்தில்தான் தொங்குகிறது: கேட்டதை மட்டும் எழுது. இலக்கமுறைக்கு ஏற்ப அதைச் சற்று விரித்துக்கொள்ளலாம். எப்படிக் கேட்டாய், எங்கிருந்த ஏரியலால் கேட்டாய், எவ்வளவு உறுதி என்பதையும் எழுது.

அன்றிரவு பெரியவர் தம் பழைய குறிப்பேட்டை எடுத்துவரச் செய்தார். நேரம், அதிர்வெண், நாடு, சின்போ என்று கோடிட்டிருந்த பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். அதன் தலைப்பில் 'எதனால்' என்று எழுதினார். "காதால கேட்டா கா-ன்னு போடு. கணினி படிச்சா க-ன்னு போடு. கேள்விக்குறி வந்தா அதையும் போடு. மறைக்காதே, அவ்வளவுதான்" என்றார்.

மாணவன் தன் இருபது நாடுகளையும் அவ்வாறே எழுதினான். மூன்றுக்குக் கேள்விக்குறி விழுந்தது. மீதி பதினேழு. "பதினேழும் கேட்டதுதான்" என்று சொல்லிக் கீழே தம் கையொப்பத்தை இட்டார் பெரியவர்.